ஜன்னல் இடுக்கு

"இனிமே தீபிகா பேர இந்த ஊட்டுல எடுக்கக் கூடாது."

"சரிங்க."

மகள் தீபிகா தானே மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, சுகுணாவும் கணவர் விஜயகுமாரும் பேசியது அவ்வளவுதான். மகளை ஒருமுறை வீட்டுக்கு அழைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து சுகுணா நினைப்பாள்; கேட்டதில்லை.

விஜயகுமாரோ சாயங்காலமானால் விளையாட்டு அறையைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் யாரோடோ கேரம் ஆடுவார். மூடிய அறையின் புழுக்கம் தாங்காமல், சக்கரத்தில் உருட்டி நகர்த்துகிற ஏசி ஒன்றை வாங்கி வந்தார்.

"ஏற்காட்டுல ஏசியா? ஊரே சிரிக்குமுங்க. ஜன்னலத் தொறந்தாப் போதாதுங்களா?"

"சத்தம் வெளிய வரும். உனக்கெதுக்குத் தொந்தரவு?"

ஆனால் ஏசியின் அனல் காற்றுக் குழாயை வெளியே விட, ஜன்னலைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. வாசலில் காயவைத்த மிளகை அள்ளிக்கொண்டிருந்த சுகுணாவுக்கு அந்த இடுக்கு வழியே பேச்சு கேட்டது.

"செவப்புக் காய உட்டுட்டியே கண்ணு. சாப்டியா?"

"ஆச்சுப்பா. அம்மாகிட்ட எப்பச் சொல்லுவீங்க?" தீபிகாவின் குரல்.

"பேர எடுக்காதேன்னவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

சுகுணா முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே போனாள்.

"ஏனுங்க, தீபிகாவ ஊட்டுக்கு வரச் சொல்லுங்க."