நீலத் தார்ப்பாய்

எதிர்வீட்டு மொட்டை மாடியில் திரைபோலத் தொங்கிய நீலத் தார்ப்பாயைப் பார்க்கப் பார்க்க லிங்கேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேமரா வாங்கி நாலு மாசம். ஃபிளாஷ் போடாமல், வெறும் சூரிய வெளிச்சத்திலேயே படம் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தான். காலை ஏழு மணிக்குச் சாய்வாக விழும் மஞ்சள் வெயிலுக்கு ஈடே இல்லை என்பது அவனுக்குப் பிடிபட்டிருந்தது. அந்த வெயில் தெருவில் இறங்குகிற இடத்தில்தான் எதிர்வீட்டு ஷேக் ஃபரீத் அந்தத் தார்ப்பாயைக் கட்டித் தொலைத்திருந்தார்.

"அண்ணாச்சி, அதை அவுத்துருங்களேன். போட்டிக்குப் படம் அனுப்ப வெள்ளிக்கிழமைதான் கடைசி."

ஃபரீத் தலையைச் சொறிந்தார். "கொஞ்ச நாள் பொறு தம்பி. வெயில் தணியட்டும்."

"மாடியில ஒரு வத்தல்கூடக் காயல. பின்ன யாருக்கு நிழல் கட்டியிருக்கீய?"

ஃபரீத் தன் வாசல் பக்கம் திரும்பினார்.

"அடுத்தவனுக்கு வெளிச்சம் கிடைச்சா ஒமக்குப் பொறுக்காதோ?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிகிற நேரம். எலுமிச்சை ஏலத்துக்கு ஃபரீத் புளியங்குடி பஸ் ஏறப் போவதை லிங்கேஷ் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் தலை மறைந்ததும் வெளிப்படிக்கட்டு வழியாக மாடி ஏறினான். கயிற்றை அறுத்து, தார்ப்பாயைச் சுருட்டி மூலையில் போட்டான்.

ஏழு மணிக்கு வெயில் தெருவுக்குள் பாய்ந்தது. தறிக்குப் போகிற முத்துமாரியம்மாள் தோளில் நூல் கட்டோடு வந்தாள். பாதி முகத்தில் வெயில் ஏற, ஒவ்வொரு நூல் பிசிறும் மின்னியது. இரண்டே க்ளிக். நாலு மாசமாகத் தேடிய படம்!

"அப்பா, இங்க பாருங்க!" என்று கூவிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினான்.

வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா ஆறுமுகச்சாமி, தெருப்பக்க ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். அதே வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. திரும்பிப் படுக்க முடியாமல், கண்ணை இறுக மூடி, நல்ல கையால் முகத்தை மறைக்கப் போராடிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர் வழிந்திருந்தது.

லிங்கேஷ் பாய்ந்துபோய் ஜன்னலை மறைத்து நின்றான். கதவு பெயர்ந்த ஜன்னல். ஆசாரியைக் கூப்பிடச் சொல்லி அப்பா சித்திரையிலேயே கேட்டார். இவன்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான். விடிந்ததும் கேமராவோடு கிளம்பிவிடுகிறவனுக்கு, காலையில் இந்த அறைக்குள் வெயில் வரும் என்பதே தெரியாது.

"தினமும் இப்படியாப்பா அடிக்குது?"

"இல்லலே." அப்பாவுக்கு நாக்குக் குழறியது. "ஃபரீத் ஒரு நா மாடியில இருந்து பாத்துட்டு, அன்னைக்கே தார்ப்பாய் கட்டிட்டான். இன்னைக்கு என்னமோ காத்துல அவுந்துட்டு போல."

லிங்கேஷ் கேமராவைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தான்.

"அவரு ஏம்ப்பா என்கிட்ட சொல்லல? நேத்து நடுத்தெருவுல அவ்வளவு பேசுனேனே..."

"நான் சொல்லுதேம்னுதாம்லே சொன்னேன். அவன்தான் விடல. 'பெத்த அப்பன் வெயில்ல கிடக்கது தெரியாம இருந்துட்டமேன்னு பிள்ளை குறுகிப்போவான். சொல்லிராதீய அண்ணாச்சி'ன்னுட்டான்."