பழைய வீட்டுக்கு அனுப்புவதில்லை

“இந்த நாயை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல மேடம்” என்றாள் அந்தப் பெண்.

நாய்க் காப்பகத்தின் பொறுப்பாளர் தலையை மட்டும் ஆட்டினார். விதி என்றால் விதி என்று நிற்பவர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சட்டப்புத்தகம்’. அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு.

தத்துக் கேட்டு வருபவரை முதலில் தரையில் உட்காரவைப்பார்கள். நாயைக் கூப்பிடக் கூடாது, முறைத்துப் பார்க்கவும் கூடாது. அது தானாக வர வேண்டும். புது ஆள் என்றால் முதலில் செருப்பை மோந்து பார்க்கும், அப்புறம் கையை. முகத்தின் பக்கம் போவது கடைசியில்தான்.

கதவைத் திறந்ததும் பழுப்பு நாய் செருப்பையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. நேராக ஓடிவந்து, முனகிக்கொண்டே அவள் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்தது. அவள் கைகள் மட்டும் மடியிலேயே இறுகிக் கிடந்தன.

‘அடி கள்ளி’ என்று பொறுப்பாளர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

“வந்ததுலேருந்து சரியா சாப்பிடாத நாய். உங்களப் பார்த்ததும் உயிர் வந்துடுச்சே?”

“என்னமோ... ராசியா இருக்கும் மேடம்.”

“பக்கத்துக் கூண்டுல அழகான குட்டி ஒண்ணு இருக்கு. பார்க்கறீங்களா?”

“வேணாம் மேடம். இதுவே போதும்.”

“ம். வீடு எப்படி?”

“இப்பதான் வாடகைக்குப் பிடிச்சேன். ஒரே ரூம். நாய் வச்சுக்கலாம்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டாரு. லைசென்ஸ் என் பேர்லயே எடுத்துடறேன்.”

ஆளை மாற்றி, முகவரியை மாற்றி வருகிறவர்களைப் பொறுப்பாளர் நிறையப் பார்த்தவர். நாயைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தால் போதும், அதே நாய் வேண்டுமென்று வேறு யாரையாவது அனுப்புவார்கள். அப்படி ஏமாற்றி வாங்கிப்போன ஒரு நாய் அடுத்த மாதமே குப்பைமேட்டில் செத்துக் கிடந்தது.

வெளியே காற்றில் இரும்புக் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. நாய் வயிறு தரையில் ஒட்டப் படுத்துவிட்டது. அவளும் தோளைக் குறுக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்த பொறுப்பாளர் தூண்டிலைப் போட்டார்.

“ஒண்ணு சொல்லிடறேன். இது கடிக்கிற நாய். வளர்த்தவரையே கடிச்சிருக்கு.”

“காரணமில்லாம கடிக்காது மேடம்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பார்த்ததே இல்லன்னீங்க?”

அவள் பார்வை நாயின்மேல் தாழ்ந்தது.

“கொண்டுவந்து விட்டவர் உங்க வீட்டுக்காரர்தானே?”

மெல்லத் தலையசைத்தாள்.

“அதானே பார்த்தேன். அவர் வந்தா தர மாட்டோம்னு உங்கள அனுப்பினாரா?” பொறுப்பாளரின் குரல் உயர்ந்தது. “இங்க எந்த நாயையும் கருத்தடை பண்ணாம வெளிய விடறதில்ல. அதுக்கு மயக்க மருந்து குடுத்திருந்தப்ப டாக்டர் தடவிப் பார்த்தாரு. ரெண்டு விலா எலும்பு ஒடைஞ்சு, கோணலா கூடியிருக்கு. வாயில்லா ஜீவன்னா என்ன வேணாலும் செய்யலாமா? பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தீங்களா?”

அவள் கண்கள் நிறைந்தன. கை இப்போதுதான் நாயின் முதுகுக்குப் போயிற்று. விரல்கள் அந்தக் கோணல் எலும்பைத் தேடவே இல்லை. நேராக அதன்மேல் போய் நின்றன.

“அழுது பிரயோஜனமில்லம்மா.” பொறுப்பாளர் குனிந்து நாயின் கழுத்தில் சங்கிலியை மாட்டினார். அது எழுந்திருக்க மறுத்து அவள் மடியில் இன்னும் ஒட்டிக்கொண்டது. “அடிபட்ட நாயைப் பழைய வீட்டுக்கு அனுப்பறதில்ல. யார் வந்து கேட்டாலும் இதுதான் விதி.”

“மேடம், நான் சொல்றத...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். இது அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாது!”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நானும் போக மாட்டேன் மேடம்.”