குனியாத சிலை

“வண்டி எப்படிப் போனாலும் சரி, சிலை மட்டும் குனியக் கூடாது” என்றார் தலைவர்.

மெக்கானிக் ஜாக்கி, பட்டறை வாசலில் நின்ற பிக்கப்பைச் சுற்றி வந்தான். அதன் பின்னால் கொக்கியில் ஒரு ட்ரெய்லர். ட்ரெய்லரின் மேல், நிஜத்தைவிடச் சற்று உயரமாகவும் நிறையத் தலைமுடியோடும், வெண்கலத்தில் தலைவரே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கோட்டுப் பையில்; மறு கை எதிர்காலத்தைச் சுட்டிக்காட்டியபடி. ஆனால் பாரம் தாங்காமல் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டதால், ட்ரெய்லரும் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல் எதிர்காலத்தை விட்டுவிட்டுத் தார் ரோட்டைக் காட்டியது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போடப் போகிறவர்போல் இருந்தார் வெண்கலத் தலைவர்.

வியாபாரிகள் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர் அவர். பதவி போய் வெகுநாளாகியும் பட்டம் போகவில்லை. யாராவது ‘சார்’ என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

“கடைத்தெரு வழியாத்தான் போகணும். ஒரு கடை பாக்கியில்லாம எல்லாரும் பாக்கணும். அங்க போய் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

“சிலையைக் கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சா?” என்று தானே கேட்டு, தானே மறுத்தான் ஜாக்கி. “வேணாம், ட்ரெய்லர் வால் ஆட்டும். கவுத்து விட்டுரும்.”

ஸ்டீரிங்கில் இருந்த தலைவரின் மாப்பிள்ளை முதல் முறையாக வாய் திறந்தார். “பேசாம படுக்க வெச்சே கொண்டுபோயிடலாமே மாமா.”

“அப்படிப் போறது ஒரு தடவைதான் மாப்ள. அப்போ நீங்க பாத்துக்கலாம்.”

மாப்பிள்ளை ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஜாக்கி வழி சொன்னான். பிக்கப்பின் பின் அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும், சின்னப் பூசணிக்காய் அளவில் ரப்பர் காற்றுப் பைகளை வைத்துவிடலாம். நம்பர் பிளேட் பக்கத்தில் ஒரு வால்வு. பாரம் ஏற்றினால் காற்றடிக்க வேண்டியது, இறக்கினால் காற்றையும் இறக்கிவிட வேண்டியது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான். பை வைத்ததால் வண்டிக்குப் பலம் கூடிவிடாது. முதுகு நிமிரும், அவ்வளவுதான்.

“அதுதான் வேணும்” என்றார் தலைவர். “பலமெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது?”

ட்ரெய்லரைக் கழற்றி, பிக்கப்பைத் தூக்கி, பைகளைப் பொருத்தி, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான் ஜாக்கி. அதுவரை தலைவர் ஸ்டூலில் உட்காரவே இல்லை. சிலையின் பக்கத்தில் அதே தோரணையில் நின்றார், யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மறுபடி கொக்கியை மாட்டிக் காற்றடித்தபோது, சிலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. விரல் ரோட்டை விட்டு எழுந்து, எதிர்க்கடைப் பலகையைத் தாண்டி, வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் சரியாக நின்றது. தலைவரும் தன்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கயிறு கட்டும்போதுதான் ஜாக்கி தயங்கினான். “கழுத்துலயும் ஒரு சுத்துப் போட்டாத்தான் அசையாது தலைவரே. ஆனா கீறல் விழும்.”

“விழட்டும், கட்டு.”

“துணி போட்டு மூடிடலாமா? திறப்பு விழா வரைக்கும் மூடித்தானே வைப்பாங்க.”

“மூடிட்டா யாருன்னு எப்படித் தெரியும்?”

திறப்பு விழா எங்கே, எப்போது என்று ஜாக்கி சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தான். தலைவர் பிடி கொடுக்கவில்லை. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நினைத்து, முதல் ஓட்டத்தில் காற்று நிற்கிறதா என்று கூடவே வந்து பார்க்க வேண்டும் என்றான். அது உண்மையும்கூட. சலவைச் சட்டைக்கு மாறிக்கொண்டதுதான் காற்றுக்குச் சம்பந்தமில்லாதது. விழா என்றால் புகைப்படம் எடுப்பார்கள்.

கடைத்தெருவில் பிக்கப் ஊர்ந்தது. பாதி முகத்தில் நுரையோடு சலூனிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். சங்கத் தேர்தலில் தலைவரைத் தோற்கடித்த இரும்புக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“எங்க வைக்கப் போறீங்க தலைவரே?”

“பொறுங்க, தெரியும்” என்று ஜன்னல் வழியே கையை உயர்த்தினார் தலைவர். இரும்புக்கடைக்காரரின் முகம் கறுத்தது. தலைவர் முகத்தில் அத்தனை நிறைவை ஜாக்கி பார்த்ததே இல்லை. பின்னால் வெண்கலத் தலைவர் மயிரிழை சாயாமல் வந்துகொண்டிருந்தார்.

தெரு முனையில், நூலகமும் பூங்காவும் இருக்கும் பக்கம் மாப்பிள்ளை திரும்புவார் என்று ஜாக்கி எதிர்பார்த்தான். பிக்கப் எதிர்ப்பக்கம் திரும்பியது. கடைகள் தீர்ந்தன, பிறகு வீடுகளும் தீர்ந்தன. கரி படிந்த ஒரு கேட்டின் முன் வண்டி நின்றது. உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்தார்.

“வாங்க. நூலகம், பூங்கா ரெண்டு இடத்துலயுமே வேணாம்னுட்டாங்கன்னு உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்க” என்றவர், சிலையை மேலும் கீழும் பார்த்தார். “அந்த நீட்டின கையை முதல்ல அறுத்துரணும். இல்லேன்னா உருக்குற உலைக்குள்ள நுழையாது.”

தலைவர் இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் ஒருவரும் இல்லை.

“காத்தை இறக்கிடு ஜாக்கி” என்றார். “இனிமே குனியலாம்.”