ஏழு நாற்பது ரயில்

"இந்த அமாரோவோட ஒத்தைப் படகுக்காக முந்நூறு பேர் ரயில்ல காத்துக் கிடக்கணுமா?"

நடீன் கேட்டதும் ஊர்க்கூட்டம் கைதட்டியது.

படகு ஊதினால் ஆற்றின் மேலிருக்கும் ரயில் பாலத்தைத் தூக்கியாக வேண்டும். அது சட்டம். இரால் பிடிக்கப் போகும் அமாரோ ஊதுகிற நேரமோ, சரியாக ரயில் வரும் நேரம். ரயில் அக்கரையிலேயே நின்றுவிடும். ஸ்டேஷனுக்கு ஏழு நாற்பதுக்கு வரவேண்டியது ஐந்து நிமிஷம் பிந்தி வரும்.

நடீன் நோட்டுப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள்.

"போன மாசம் மட்டும் எட்டு நாள்! தேதி போட்டு வச்சிருக்கேன். பக்கவாதத்துல கிடக்கிற புருஷனைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தலைதெறிக்க ஓடி வர்றேன். வந்தா ரயிலைக் காணோம்! பாஸ்டன்ல எனக்கு வேலை போனா, இவரா வந்து எங்களைக் காப்பாத்துவார்?"

"ரயில் போனப்புறம் போனா உன் இரால் கோச்சுக்குமா, அமாரோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, ஒரே சிரிப்பு.

அமாரோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

நடீனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "என் புருஷன் லியோ உங்க படகுல பதினொரு வருஷம் உழைச்சார். அவர் படுத்தப்புறம் ஒரு நாளாவது எட்டிப் பாத்தீங்களா?"

அவர் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

வாக்கெடுப்பில் நடீன் பக்கமே ஜெயித்தது. திங்கட்கிழமை முதல் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பாலம் திறக்காது.

திங்கட்கிழமை லியோவுக்குக் கஞ்சி புரையேறிவிட்டது. சட்டை, படுக்கை எல்லாம் மாற்றிவிட்டுக் கிளம்பியபோதே நேரமாகிவிட்டது. ஸ்டேஷன் சாலையில் கார் திரும்பும்போது ஆற்றிலிருந்து சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. பாலத்தைத் திற என்று படகு கேட்கிறது.

பாலத்திலிருந்து ஐந்து குட்டை ஊதல். முடியாது.

"ஊது, நல்லா ஊது!" நடீன் சிரித்தாள்.

அவள் பிளாட்பாரத்துக்கு ஓடி வருவதற்குள் ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஐந்து நிமிஷம் தாமதம் திட்டோடு போகும். ஒரு மணி நேரம் என்றால் வேலையே போய்விடும்.

ஸ்டேஷனை ஒட்டிய அந்தப் பாலத்தை இயக்கும் ஆர்ட்டி தன் அறையிலிருந்து இறங்கி வந்தான்.

"ஒரு ரெண்டு நிமிஷம் பிடிச்சு வச்சிருக்கக் கூடாதா?" என்று அவன்மேல் பாய்ந்தாள்.

"இத்தனை நாள் பிடிச்சு வச்சவர் அதோ நிக்கறார்." ஆர்ட்டி ஆற்றைக் காட்டினான். "உங்க கார் வந்துட்டா, ரயில் போற வரைக்கும் சத்தமில்லாம காத்திருப்பார். கார் வரலேன்னாதான் ஊதுவார்."

நடீன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். எட்டுத் தேதிகள். எட்டும் லியோவுக்கு முடியாமல் போய் அவள் பிந்தி ஓடி வந்த நாட்கள்.

"இன்னைக்குத் திறக்காதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? ஏழுக்கு முன்னாடியே கடலுக்குப் போயிருக்கலாம். உங்க கார் வருதான்னு பாத்துக்கிட்டே நின்னுட்டார்."