மெசியே ஃபிலிப்பின் மீசை

நெல்லித்தோப்பு மாதா சாட்சியாக, இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. இட்டுக்கட்டியிருந்தால், மிச்சமிருக்கும் அரை கேன் ஆசிட்டைச் சொல்பவன் நாக்கிலேயே ஊற்றலாம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், நவம்பர் மாதம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு நீச்சல் குளம். தண்ணீரை இறைத்துவிட்டு, ஆழமான பக்கத்தில் இறங்கி நின்ற குளம் கழுவும் பக்கிரி தரையில் அந்த முகத்தைப் பார்த்தான்.

போர்வெல் தண்ணீர் விட்டுப்போன இரும்புக் கறைதான். ஆனால் நெற்றி இருந்தது. தாடை இருந்தது. இரண்டு முனையையும் மேலே முறுக்கிவிட்ட மீசை இருந்தது.

கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்திலும் அதே மீசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மெசியே ஃபிலிப். செத்து மூன்று வருஷம் என்று அவர் மனைவி மதாம் மார்கரீத் சொல்லியிருந்தாள்.

உடம்பைப் பிரான்சில், தூலோன் ஊரிலேயே புதைத்துவிட்டார்களாம். கல்லறைத் திருநாளன்று ஊரெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போக, மதாம் மட்டும் இந்தக் குளத்து விளிம்பில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். உருகி வழிந்த மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது.

மறுநாளே பக்கிரிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். தினமும் அந்த முகத்தைப் பார்த்து அழ, பாவம், எந்தப் பெண்ணால் முடியும்?

"நான் கையத் தூக்குனதும் பைப்பத் தொறந்துடணும் மதாம். லேட்டாச்சுன்னா ஆசிட்டு தரையத் தின்னுடும். அப்புறம் என்னைத் தின்னும்."

"தெரியும். நீ ஊத்து."

ஊற்றினான்.

முகம் வெள்ளையாக நுரைத்தது. எழுந்த புகை மேலே போகாமல் குழிக்குள்ளேயே தேங்கியது. தாழப் பறந்த காக்கை ஒன்று இருமியது. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம்.

மீசை துடித்தது. அதையும் பக்கிரி தன் கண்ணால் பார்த்தான்.

நீளக் கம்புப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

தண்ணீர் வரவில்லை.

மேலே கறுப்பு கவுனில் மதாம் நின்றாள். கை குழாயின் மேல் இருந்தது. கண் பக்கிரியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது.

மூக்கில் கட்டிய ஈரத் துண்டு காய்ந்துவிட்டது. மூச்சு இழுத்தால் மிளகாய்ப் பொடி இறங்குவதுபோல் இறங்கியது. ஏறித் தப்பிக்கலாம் என்று சரிவில் கால் வைத்தான். தரையெல்லாம் ஆசிட். பூட்ஸ் வழுக்கி, முட்டி போட்டபடி மறுபடியும் முகத்துக்கே வந்து சேர்ந்தான். பேன்ட்டில் முட்டி இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் நெருப்பு.

வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அதுவும் ஒரு சொட்டு போடவில்லை.

"மதாம், தண்ணி!"

"மீசை போயிடுச்சா?"

"போயிடுச்சு, தொறங்க!"

"ரெண்டு பக்கமுமா?"

பார்த்தான். இடது முனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருமிக்கொண்டே தேய்த்தான்.

"ரெண்டு பக்கமும்!"

"கண்ணு?"

புருஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக வழியனுப்புகிறாள். உயிர் போகிற அந்த நேரத்திலும் பக்கிரிக்கு நெஞ்சு உருகிவிட்டது.

"கண்ணு, மூக்கு, காது, எல்லாம் போச்சு மதாம்! கூடவே நானும் போறேன்!"

அப்போதுதான் குழாய் திறந்தது.

விளிம்பில் மல்லாந்து கிடந்தவனின் கண்ணை அவளே கழுவிவிட்டாள். ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"புகை" என்றாள்.

குளத்தின் அடி கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டுபோல் வெளுத்துக் கிடந்தது. பக்கிரி போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துப் படத்தைக் கும்பிட்டான்.

வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி அஞ்சலாட்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"நான் செத்தா நீ அப்படி நிப்பியா?"

"மொதல்ல நீ சாவு. அப்புறம் பாக்கலாம்."

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மெசியே ஃபிலிப் தூலோனிலிருந்து வந்து, புதுப் பெண்சாதியோடு கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து, மீசையில் ஒட்டாமல் சுண்டல் தின்றுவிட்டுப் போனார்.