நத்தை தின்ற வாத்து

பூந்தமல்லி பஸ்ஸிலிருந்து வேம்புலியம்மாள் இறங்கியபோது அவள் கக்கத்தில் ஒரு கொழுத்த வாத்து இருந்தது. மறுநாள் தீபாவளி. வாத்தை அணைத்தபடி நேராக முலாம் கம்பெனி வாசலுக்குப் போனாள்.

வாட்ச்மேன் முனியன் வழிமறித்தான். "இன்னாக்கா, நல்ல நாளும் அதுவுமா சண்டையா? மொதலாளி இப்பதான் சிரிச்சுகினு கீறாரு. கெடுத்துடாத."

"சண்டை இன்னாடா சண்டை. சமாதானமா பூடலாம்னுதான் வந்துகீறேன்."

முனியனால் நம்ப முடியவில்லை. கம்பெனிச் சுவருக்குப் பின்னால்தான் அவள் வீடு, அதை ஒட்டி ஒரு குட்டை. செம்பு முலாம் பூசிக் கழுவிய நீலத் தண்ணீரைக் கம்பெனி அதில் விட ஆரம்பித்ததிலிருந்து அவள் வாத்துகள் தள்ளாடித் தள்ளாடிச் செத்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தவை முட்டையிடுவதையே மறந்துவிட்டன. வாத்து போனால் அவளுக்குச் சோறும் போயிற்று.

குட்டை நத்தைகளைப் பாட்டிலில் எடுத்துப்போய்ப் பார்த்த காலேஜ் டீச்சர் சுசீலா, முதலாளி குணசேகரனிடமே வந்து சொன்னாள். தண்ணீரில் இருக்கும் செம்பு நத்தை உடம்பில் சேருகிறது, நத்தையைத் தின்னும் வாத்தின் ஈரலில் போய்த் தங்குகிறது, நல்லதில்லை என்று.

குணசேகரன் சிரித்தார். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து செம்புலதாம்மா தண்ணி குடிக்கிறோம். நத்தைக்கு மட்டும் ஆகாதா?"

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் வேம்புலியம்மாள் இப்போது வாத்தை நீட்டினாள். "தீபாவளிக்கு வெச்சுக்கோங்க மொதலாளி."

ஓசியில் வந்ததை அவர் எடை பார்த்தார். "நல்ல கனம். என்ன போட்டு வளர்க்கிற?"

"நத்தை துன்ன வாத்து மொதலாளி. கொழுக்காம இன்னா பண்ணும்?"

"பார்த்தியா, அந்த டீச்சரம்மா சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று குணசேகரன் குளிர்ந்துபோனார்.

தீபாவளி கழிந்த மறுநாள் வேம்புலியம்மாள் மறுபடி வந்தாள்.

"வாத்து எப்டி இருந்துச்சு மொதலாளி?"

"பிரமாதம். என் சம்சாரம் மிளகு போட்டு வறுத்தா."

"ஈரலு யாரு சாப்ட்டாங்க?"

"நான்தான். ஈரல்னா எனக்கு உசிரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பாவமாகப் பார்த்தாள். "கொழந்தைங்க யாரும் ஈரலு சாப்புடலியே?" என்று முனகிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

குணசேகரன் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலம் அவர் கார் ஆவடி டாக்டர் வீட்டு வாசலில் நின்றது. "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கீங்க" என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. வீட்டுக் கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார், நீலமாகிறதோ என்று.

அந்த வாரமே குட்டைக்குப் போன குழாய் அடைபட்டது. கம்பெனிக்குள் சுண்ணாம்புத் தொட்டி கட்டிச் செம்பை வண்டலாகப் பிரித்தார்கள். குட்டையையும் தூர்வாரிக் கொடுத்தார்கள். ஊர் சொல்லிக் கேட்காதவர் ஈரல் சொல்லிக் கேட்டார்.

ஊரே வேம்புலியம்மாளைக் கொண்டாடியது. முனியன் மட்டும் நாளுக்கு நாள் இளைத்தான். ஒருநாள் தயங்கித் தயங்கி அவள் வீட்டுப் பக்கம் வந்தான்.

"யக்கா, மொதலாளியம்மா எனக்கும் ஒரு கிண்ணம் வாத்துக்கறி குடுத்தாங்க. நானும் துன்னுட்டேன்" என்றான். "பொண்டாட்டி புள்ளைங்க கீதுங்க. நெசத்தச் சொல்லு, பொழைப்பேனா?"

வேம்புலியம்மாளுக்கு அவனைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தினாள்.

"ஏண்டா, நோவுப்பட்ட வாத்தையா ஒரு மனுசனுக்குத் துன்னக் குடுப்பேன்?" என்றாள். "அது மாங்காட்டுல வாங்கியாந்த வாத்துடா."