ஒத்தத் தோடு

"போதும் ஆசாரி. ஊசிய உள்ள வையுங்க."

மருமகள் இளவரசி இப்படிச் சொன்னதும் கலியாணசுந்தரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேத்தி துளசிக்கு இடது காது குத்தித் தோடு போட்டாயிற்று. வலது காது இன்னும் மொட்டை. அதற்குள் இளவரசி, தாய்மாமன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னம்மா வெளையாட்டு இது? இன்னொரு காது?"

"ஒண்ணு போதும் மாமா."

தாய்மாமன் வீரபத்திரன் கையில் மீதித் தோடு மினுங்கியது. "அப்போ இத நான் மூக்குல மாட்டிக்கறதா?" என்றான் தங்கையிடம்.

மாகறல் கோயில் மண்டபமே அதிர மேளம் முழங்கியது. ரெண்டு வயசுத் துளசி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

அடுத்த மாதம், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவியை உள்ளே பொருத்துகிற ஆபரேஷன். ஒரு காதுக்கு அரசாங்கம் கொடுக்கும். "ரெண்டு காதும் கேட்டாத்தான் வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு குழந்தைக்குப் புரியும். இன்னொண்ணை நீங்க வாங்கிடுங்க" என்றார் டாக்டர்.

நேற்று வீட்டில் கூடிப் பேசினார்கள். ஒன்று போதும் என்று தீர்ப்புச் சொன்னவர் கலியாணசுந்தரம். காதுகுத்துக்கு ஊரையே அழைத்து வடை பாயசத்தோடு விருந்து வைக்கிற மனுஷனுக்கு எத்தனை செலவுதான் தாங்கும்!

"ஒரு பக்கம் கரையே இல்லாத பொடவையாட்டம் நிக்குது கொழந்தை! நல்லாவா இருக்குது?" என்று எகிறினார்.

"நீங்கதான மாமா நேத்து சொன்னீங்க, பொம்பளப் புள்ளைக்கு ஒரு காது தாராளம்னு?"

"அது கேக்குற காதும்மா! இது தோடு போடுற காது! கேக்குதா இல்லையான்னு எவன் எட்டிப் பாக்கப் போறான்? தோட்ட நாலு பேரு பாப்பாங்க!"

"பாக்கட்டும் மாமா. ஏன் ஒத்தத் தோடுன்னு கேப்பாங்க. நான் பதில் சொல்றேன்."

குழந்தையோடு நேரே பந்திப் பக்கம் நடந்தாள். முதல் வரிசையில் இலைக்கு முன்னால் அத்தனை பேரும் கலியாணசுந்தரத்தைப் போலவே காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர்கள்.

"என்னா சார், பேத்திக்கு இன்னொரு தோடு எங்க?" என்று ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். இளவரசி பதில் சொல்ல அவரை நோக்கிப் போனாள்.

கலியாணசுந்தரத்துக்குப் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகனைப் பிடித்து இழுத்தார்.

"டேய் தினகரா, டாக்டருக்குப் போன் போடு. ரெண்டு காதுக்கும் வெச்சிடச் சொல்லு."

"நெசமாவாப்பா?"

"போட்றான்னா!"

பிறகு மருமகளை முந்திக்கொண்டு பந்திக்கு ஓடினார். மேளத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்:

"எம் பேத்திக்கு ரெண்டு காதும் கேட்டே ஆவணும்னு மொதல்லேர்ந்து நான் ஒருத்தன்தான் கத்திக்கினு இருக்கேன். வூட்ல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்கப்பா!"